தேர் நின்ற இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை, மனசைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். அங்கே குளிர் விட்டதா, குழந்தைக்குப் பல் முளைத்ததா, எல்லாம் எழுது. தலைவரைச் சுட்டதை அங்கேயும் டிவியில் காட்டியிருப்பார்கள். காரை ஓட்டியது உன் மாமாதான் என்று போனில் சொன்னேன், அதற்கு மேல் பேச வாய் எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மாமா மேல் ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் அவனைத் தின்கிறது. இப்போது உன் அறையில்தான் இருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறான், முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் சோறு இறங்குவதில்லை. ஒருநாள் பின்னாலிருந்து தம்பி என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காமலே, நிறுத்திடறேங்க ஐயா என்றான். கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் உன் அப்பாவின் பாட்டு. அவர் வேலை பார்க்கிற வானொலி நிலையத்தில் இரங்கல் கவிதை கேட்டார்கள், அப்பாவும் எழுதிக் கொடுத்தார். நாடுதான் தேராம், தலைவர்தான் தேரோட்டியாம், தேரோட்டி சாய்ந்தான், தேர் நடுவழியில் நின்றது என்று ஒரு வரி. கேட்டவர்களெல்லாம் அழுதார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை மனப்பாடம். நினைவுக் கல்லிலும் அந்த வரியைத்தான் வெட்டினார்கள். அப்பாவுக்குப் பெருமை, இருக்காதா பின்னே. ஆனால் பாட்டு பரவப் பரவ, கார் ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று கடைத்தெருவில் பேச்சும் பரவிற்று. டிரைவர் விலை போய்விட்டான் என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் வளையும்.

ஒரு மத்தியானம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தபோது மாமா வெளியே வந்து அதை அணைத்தான். அத்தான், தேரோட்டி செத்துட்டான்னு எழுதியிருக்கீங்க, நான் உயிரோடதானே இருக்கேன் என்றான். அது உருவகம்டா, உன்னைச் சொல்லவில்லை என்றார் அப்பா. வண்டி நின்னது உருவகம் இல்லையே அத்தான், நான்தானே நிறுத்தினேன் என்று கேட்டான். அப்புறம்தான் சொன்னான். கூட்டத்தில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டிக் கையசைத்திருக்கிறாள். தலைவர் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டி, கொஞ்சம் நிறுத்துப்பா, அந்த அம்மா கூப்பிடறாங்க என்றாராம். நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. பெரியவர் சொல்லும்போது எப்படி மறுப்பது? நிறுத்தினான், அவர் கண்ணாடியை இறக்கினார், அவ்வளவுதான். விசாரணையில் சொல்லியிருக்கிறான், வெளியே வாயைத் திறக்காதே என்று அனுப்பிவிட்டார்களாம்.

போன வெள்ளிக்கிழமை கல் திறப்பு. அப்பா மேடையில் பாட்டைப் படித்தார், அந்த வரி வந்ததும் நின்றுவிட்டார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தேர் தானாக நிற்கவில்லை, கையசைத்த ஒரு தாய்க்காக அவரே நிறுத்தச் சொன்னார், நிறுத்தியவன் என் மைத்துனன், சொன்ன சொல்லைக் கேட்டவன் என்று, வானொலியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்த மைக்கிலேயே சொல்லிவிட்டார். விழா நடத்தியவர்கள் முகம் இருண்டுவிட்டது. மறுநாளிலிருந்து வானொலியில் பாட்டு இல்லை, அப்பாவுக்கு வேலையும் இருக்குமா தெரியவில்லை.

ஞாயிறு காலையில் கதவைத் தட்டி ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தை. ரேடியோவில் கேட்டேங்க, கையசைச்சது நான்தான் என்றாள். இத்தனை நாளும் புருஷனிடம்கூடச் சொல்லாமல், நான்தான் அவரைக் கொன்றேன் என்று தனியாகக் கிடந்து வெந்திருக்கிறாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பயந்தே போனேன். அவன் குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, உங்களைப் பார்த்து அவர் சிரிச்சாரும்மா, பின்னாடி பார்க்கற கண்ணாடியில பார்த்தேன் என்றான். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், அவனும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதான். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். மனுஷனைத் தேரோட்டி, மலை, விளக்கு என்று எழுதினால் பக்கத்தில் நிற்கிற மனுஷர்கள் காணாமல் போய்விடுகிறார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன், மாமா இன்னும் காரில் ஏறமாட்டேன் என்கிறான், தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் வெளுத்துப்போகிறான்.

நீ அவனுக்குப் போன் செய். ஆறுதல் ஒன்றும் சொல்லாதே, நடந்ததையும் கேட்காதே, குழந்தையின் குறும்பைச் சொல், போதும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை மெதுவாக வண்டி ஓட்டச் சொல். எங்கள் ஆயுளும் சேர்த்து நீங்கள் மூவரும் நன்றாக வாழவேண்டும்.

உன் பிரியமுள்ள
அம்மா