இரண்டு விரலுக்கு ஒரு கியர் உருண்டை

இல்லை, எறியவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் எறிந்துவிட்டேன் என்றுதான் சொல்கிறேன். என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஈப்போவில் நான்கு நாளாக மழை இல்லை. தகரக் கூரை கொதிக்கிறது. வெக்கை ஏறினால் அது வாசனை விடுகிறது. புகை போட்ட ரப்பர் வாசனை. அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் புத்தகத்தைப் பார்க்கிறேன்.

உன் கியர் உருண்டை, அண்ணே.

வெள்ளிக்கிழமை வந்தால் நீ போய் ஒரு வருடம். பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். படம், பெயர், பிறப்பு, மறைவு. பெயருக்குக் கீழே ஒரு வரி, என்ன வேலை என்று. அந்த ஒரு வரியில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்.

உனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு வரிதான். ஒரு கம்பெனி, தன் அட்டையில், உன் பெயருக்கு எதிரே டிரைவர் என்று அடித்துக் கொடுக்க வேண்டும். வேறெதையும் நீ கேட்டு நான் பார்த்ததில்லை.

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில், ஷீட் உருட்டும் மெஷின் உன் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டபோது உனக்குப் பதினாறு வயது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். தோட்டத்துத் துரை ஸ்டோருக்கு வந்தார். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

பால் லோரி ஓட்டப் பழகியது அதற்குப் பிறகுதான். நம் நாட்டு லோரியில் ஸ்டியரிங் வலப்பக்கம். கியர் இடது கைக்கு. இரும்பு உருண்டை உன் கையில் வழுக்கியது. அதைத் திருகிக் கழற்றி, ரப்பர் பாலில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, ஷீட்டுகளோடு புகையில் தொங்கவிட்டாய். ஒரு மாதம். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு கட்டி. அதில் உன் உள்ளங்கைப் பள்ளம், கட்டை விரலுக்கு ஒரு குழி, சுண்டு விரலுக்கு ஒரு குழி. வேறு யார் பிடித்தாலும் அது பொருந்தாது. நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தோம். நீ பெரிய லோரி லேசென் எடுத்தாய். சோதிக்க வந்த மலாய்க்கார அதிகாரி உன் கையை ஒரு தரம் பார்த்தாராம். பிறகு ரோட்டைப் பார்த்து, “ஜாலான்”, போ, என்றாராம். அவ்வளவுதான். வழி நெடுக கியர் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார் என்று சொன்னாய். அந்த மனிதரைத்தான் நீ கடைசி வரை பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் தன் வேலையைச் செய்தார். நீ பிறகு சந்தித்தவர்களோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயம்தான்.

முதல் கம்பெனி சுண்ணாம்பு மலை அடிவாரத்தில், கல் ஏற்றுகிற இடம். அங்கிருந்த ஆள் லேசெனைத் திறக்கவில்லை. கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். உள்ளேயிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். வேலை இல்லை.

இரண்டாவது, பலகை ஏற்றும் கம்பெனி. பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள் என்றார்களாம். அன்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: “பலகை பயந்துருமாம் பாப்பா.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

விண்ணப்பங்களை எழுதியது நான். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கை. நல்ல மலாய், நல்ல ஆங்கிலம். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னாய். சொன்னேன். என் இடது கை ஊனமாக இருந்தாலும், ஐயா அவர்கள் தயவுகூர்ந்து...

“நில்லு. அந்த ‘இருந்தாலும்’ எதுக்கு?”

“அப்படித்தான் எழுதுவாங்கண்ணே.”

“யாரு எழுதுவாங்க?”

“லேசென் குடுத்தவன் இருந்தாலும்னு சொல்லிக் குடுக்கல” என்றாய். பிறகு கையெழுத்துப் போட்டாய். நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. மரியாதையான கடிதம் என்று நம்பினேன். உனக்காக நான்தான் முதலில் குனிந்தேன். உன்னைக் கேட்காமல்.

மூன்றாவது, செமென் மூட்டை ஏற்றும் கம்பெனி. துணைக்கு என்னையும் கூட்டிப் போனாய். மேனேஜர் நம் ஆள். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றே கட்டியது போல, அந்த வெயிலில் ஒரு டை.

“தங்கச்சி யுனிவர்சிட்டியா? நல்லது, நல்லது” என்றார். பிறகு உன் பக்கம் திரும்பினார். “தம்பி, டிரைவர் வேலைன்னா ரெண்டு கையும் வேணும்.”

“ரெண்டு கை இருக்கு சார்.”

“விரலு?”

“கியரை விரல்லயா சார் தள்ளுவாங்க? உள்ளங்கையில தள்ளணும்.” சட்டைப் பையிலிருந்து உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாய். “லோரி குடுங்க. இப்பவே ஒரு ரவுண்டு போலாம். பயமா இருந்தா நீங்க பாதியில எறங்கிக்கலாம்.”

பேனா முனையால் அதை உன் பக்கம் தள்ளினார். விரலால் அல்ல. பத்து விரல் வைத்திருந்தவர்.

“கெலிண்டான் வேலை இருக்கு. டிரைவர் பக்கத்துல உக்காந்து போறது. மூட்டை ஏத்தி எறக்கணும், கென்வஸ் துணி போட்டு கயிறு கட்டணும். அதுக்கு நீ போதும் லா.”

கயிறு கட்டுவதற்கு விரல் வேண்டும், அண்ணே. கியர் போடுவதற்கு வேண்டாம். விரல் வேண்டாத வேலைக்கு விரல் இல்லை என்று மறுத்துவிட்டு, விரல் வேண்டிய வேலையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தருமம் செய்தவர் முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டாம். ஒரு முறை ஒரு மூட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் போதும்.

நீ சேர்ந்தாய். “கம்பெனி வாசலுக்குள்ள போனாத்தான் பாப்பா லோரிய தொட முடியும்.”

உன் டிரைவர் மணியம் அண்ணன். நல்ல உயரம், பெரிய வயிறு, சீனி வியாதி. முதல் நாள் நீ கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டதைப் பார்த்து, “டேய், கயித்தக் கடிக்காத. சாப்பாட்டுக் கடை இன்னும் தூரத்துல இருக்கு” என்றாராம். தானே இறங்கி ஒரே நிமிடத்தில் கட்டி முடித்தாராம். ஊர் எல்லை தாண்டி, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் லோரியை நிறுத்தி இறங்கி, உன் பக்கக் கதவைத் திறந்தார்.

“மச்சான், எனக்கு ரோடு ரெண்டா தெரியுது. எந்த ரோட்டுல போறதுன்னு இனிமே நீ முடிவு பண்ணு.”

அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. பத்து விரலும் இருந்ததால் யாரும் அவர் கண்ணைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வாசலைத் தாண்டும்போது அவர் ஓட்டுவார். நீ பக்கத்தில் உட்கார்ந்து, “சைக்கிள்ணே, சைக்கிள்” என்று அவருக்குக் கண்ணாக வருவாய். தேத்தண்ணிக் கடையில் இடம் மாறுவீர்கள். கம்பெனி உருண்டையைக் கழற்றி உன் உருண்டையைத் திருகுவாய். கோலா கங்சார், பிறகு மலை ஏற்றம், கமுந்திங் வரை நீ. இறக்குகிற இடத்தில் கயிறு அவிழ்ப்பது, கட்டுவது எல்லாம் அவர். திரும்பும்போது அதே கடை. உன் உருண்டை பைக்குள் போகும். வாசலில் மறுபடி கெலிண்டான்.

இரண்டு வருடம். கம்பெனிக்குத் தெரியாதா? முதலாளி தவுக்கேக்குத் தெரியும். கிடங்குக்காரர்களுக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். எப்படியென்றால், அவர் உன் லோரியில் போயிருக்கிறார்.

அன்று அவர் கார் பழுது. கமுந்திங்கில் அவசர வேலை. ஏறிக்கொண்டார். தேத்தண்ணிக் கடையில் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களாம். மணியம் அண்ணன்தான், “என்னா இப்ப? மலையில எல்லாரும் சாகறதுக்கு இது பரவால்ல” என்று இறங்கினார். நீ ஸ்டியரிங்கில். அவர் நடுவில். மேனேஜர் ஜன்னலோரம், பேப்பரை விரித்துக்கொண்டார். கோலா கங்சார் வரை ஒரே பக்கத்தைப் படித்தார். ஏற்றத்தில், முழுச் செமென் பாரத்தோடு, கியரை ஒவ்வொன்றாக நீ இறக்கியபோது பேப்பர் கொஞ்சம் ஆடியது. அவர் நிமிரவில்லை.

கமுந்திங்கில் இறங்கி, டையில் ஒட்டிய செமென் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னாராம்: “நல்ல ஓட்டு மணியம். கியர் விழுந்ததே தெரியல.”

“நான் நடுவுல உக்காந்திருந்தேன் சார்.”

“ம்ம்” என்றுவிட்டுப் போனாராம்.

இதை நீ வீட்டில் நடித்துக் காட்டினாய். டைக்குப் பதில் தோளில் துண்டு. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு அந்த ஆளின் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“நீ ஏன்ணே ஒன்னும் சொல்லல?”

“எதுக்கு? கியர் விழுந்ததே தெரியலன்னாருல்ல. அது எனக்குத்தான். தப்பான வீட்டுல கடுதாசி போட்டுட்டாரு, அவ்ளோதான்.”

நான் உன்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நீ அந்தப் பாராட்டை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு ஆளின் வாயிலிருந்து விழுந்ததைக்கூட எடுத்து வைத்துக்கொள்கிற நிலையில் உன்னை வைத்திருந்தார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல். விடுமுறையில் வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, முகவரி. தொழில். உன் கம்பெனி அட்டை என் கையில் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். லோரி கெலிண்டான். அத்தாட்சி இல்லாததை எழுதக் கூடாது என்று மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்தவள். தினமும் மலை ஏறி இறங்கிய லோரி அத்தாட்சியாகத் தெரியவில்லை. டை கட்டியவர் அடித்துக் கொடுத்த அட்டை தெரிந்தது.

படிவத்தைக் கட்டில் கால்மாட்டில் மாட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. “அத எடு பாப்பா, என்னா எழுதியிருக்கு பாக்கலாம்” என்றாய். கொடுத்தேன். மலாய் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாய். ஓர் இடத்தில் நின்றாய். பிறகு திருப்பிக் கொடுத்தாய்.

“எழுத்து அழகா இருக்கு. எப்பவும் போல.”

மறுநாள் மாற்றி எழுதிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் உனக்கு நினைவில்லை. அதற்கு மறுநாள் நீ இல்லை.

துக்கம் கேட்க மேனேஜர் வந்தார். அதே டைதான் என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் நின்றார், கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். அம்மாவிடம் சொன்னார்: “நல்ல பையன். கயிறு கட்டுனான்னா அவிழாது.”

மணியம் அண்ணன் எழுந்து வெளியே போனார். வாசல் படியைச் சரியாகப் பார்க்காமல் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார்.

நான் நன்றி சார் என்று சொன்னேன் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் இருக்கிற இளக்காரத்தை நான் எங்கும் குறைக்கப் போவதில்லை. ஆனால் அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய சொல்லை என் அழகான எழுத்தில் எழுதினேன்.

மேலே உள்ளது ஞாயிறு இரவு எழுதியது. இது திங்கள்.

அம்மா ஸ்டூடியோ படத்தை எடுத்துக் கொடுத்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி எடுத்த படம். நான் வேறு படத்தை எடுத்தேன். லோரிக் கதவு திறந்திருக்க, நீ உள்ளே திரும்பிப் பார்க்கிறாய், இடது கை உருண்டைமேல். மணியம் அண்ணன் எடுத்தது. அதனால் சற்று மங்கல்.

“கை தெரியுதே” என்றாள் அம்மா.

“தெரியட்டும்மா.”

அம்மா படத்தை வாங்கினாள். பிறகு அதைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

பேப்பருக்கு விளம்பரம் வாங்குகிற கடையில் மின்விசிறி பலமாகச் சுற்றியது. படிவம் பறந்தது. பையிலிருந்து உருண்டையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு நிரப்பினேன். பெயருக்குக் கீழே: லோரி டிரைவர், ஈப்போ – கமுந்திங்.

கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். பென்சிலால் அதன் ஓரத்தைக் காட்டினார். “அக்கா, இந்தக் கை வராம இப்படி வெட்டிரலாமா? பாக்க நல்லா இருக்கும் லா.”

“வெட்டாதீங்க” என்றேன். “முழுசா போடுங்க.”

உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு, புந்தோங் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.