செவலை உன்மேல் விழுந்த பிறகு

லாயத்திலிருந்து குதிரை வாசனையோடே வந்து, குளிக்கும் முன்னால் என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போகும் என் அக்காவுக்கு,

நேற்று ஆனைமலைக்குப் போய் வந்தோம். மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் அம்மா நியாயம் கேட்டுத் தன் கையாலேயே மிளகாய் அரைத்துப் பூசினாள். திரும்பும்போது கை எரிகிறதா என்று கேட்டேன். "எரியட்டும் கண்ணு. அவனுக்கும் எரியோணுமல்ல" என்றாள். நம் அம்மா இப்படிப் பேசி நீ கேட்டதே இல்லை.

அவன் என்றது உன் முதலாளியை. வடவள்ளிக்குப் பக்கத்தில் அவன் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் ஒன்பது வருடம் பயிற்சி கொடுத்தாய். உனக்கு மாலை போட்டுவிட்டு, நம் வாசலில் நின்று அவன் சொன்னது இது: "நல்ல புள்ளைதானுங்க. ஆனா குதிரைய ரொம்ப வெரட்டிப்போட்டா. தீனியும் சரியாப் பாக்கலைங்க. அதான் குதிரைக்குக் காலு உளுந்து, அவ மேலயே சாஞ்சுருச்சு."

சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் லேத் பட்டறைக்காரன், குதிரையைப் பற்றி எனக்கென்ன தெரியும்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கு என்னை மன்னிப்பாயா?

மூன்றாம் நாள் உன் செல்போனைத் திறந்தேன். அவனுக்கு நீ அனுப்பியதெல்லாம் அப்படியே இருந்தது. வெளியூரிலிருந்து வாங்கி வந்த புதுக் குதிரைக்குக் காய்ச்சல், மூக்கு ஒழுகுகிறது, தனியாகக் கட்ட வேண்டும், டாக்டரை வரச் சொல்லுங்கள். தெர்மாமீட்டரைக்கூடப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். அவன் குரலிலேயே பதில் அனுப்பியிருந்தான்: "வெறும் சளிதான் அம்மணி. அடுத்த மாசப் போட்டி முடியட்டும். வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் குதிரையக் கொண்டாரமாட்டான். நீ வாயத் தொறக்காத."

நீ அதை அனுப்பிய மறுவாரம் நடந்ததை இப்ராகிம் பாய் சொன்னார். உன்னோடு லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட அதே உக்கடத்து பாய், நம் வீட்டுக்கு வந்து அழுதபடி சொன்னார். "பக்கத்துல கட்டியிருந்த செவலைக் குதிரைக்குப் பின்னங்காலு தடுமாறுச்சு தம்பி. வால் தொங்கிப்போச்சு. மூத்திரம் தானாச் சொட்டுச்சு. நாய் மாதிரி உக்காந்துருச்சு. உங்கக்கா தோள் குடுத்து நிறுத்துச்சு. நான் கயிறு எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள, உங்கக்காவைச் சுவத்தோட சேத்து அமுக்கி உளுந்துருச்சு."

நானூறு கிலோ. உனக்கு வலித்ததா? இல்லை, அப்போதே நினைவு போய்விட்டதா? ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் நீ கண் திறக்கவில்லையே, யாரைப் போய்க் கேட்பேன்?

செவலை எழவே இல்லை. ஊசி போட்டு அதை அனுப்பிவைக்கும் முன் கால்நடை மருத்துவர் மூக்குச் சளியும் ரத்தமும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ். மனிதருக்கு ஒட்டாது. குதிரைக்குக் குதிரை மூச்சில் பரவும். சிலவற்றுக்கு ரத்தக் குழாய் வழியே தண்டுவடத்தைத் தாக்கிக் காலை முடக்கிவிடுமாம்.

"தீனிக்கும் ஓட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. உங்கக்கா சொன்னன்னைக்கே பிரிச்சுக் கட்டியிருக்கோணும்" என்றார் டாக்டர். எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்.

அந்தக் காகிதத்தோடும் உன் செல்போனோடும், போட்டிக்கு முன்னால் அவன் கூட்டிய கூட்டத்துக்குப் போனேன். குதிரை வைத்திருப்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அவன் மைக்கில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். நான் மேடையேறி, மைக்குக்கு முன்னால் போனைப் பிடித்து அவன் குரலைப் போட்டேன். 'நீ வாயத் தொறக்காத' என்று அது முடிந்தபோது எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, என்ற குதிரையையும் இங்கியே கொண்டாந்து கட்டச் சொன்னீங்களே?" அவ்வளவுதான். எல்லோரும் எழுந்து போனார்கள். போட்டி நின்றது. படிக்க வந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். சந்தோஷப்பட்டேன், ஒளிக்கமாட்டேன்.

நான் போலீசில் புகார் கொடுத்த பிறகு அவன் நம் வீடு தேடி வந்தான். "தம்பி, தப்புதான். போலீசுல குடுத்த புகார மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க."

"இதே வாசல்ல, எங்க சனத்துக்கு முன்னால எங்கக்காவக் குத்தம் சொன்னீங்க. அவங்களையெல்லாம் கூப்புடறேன். அது பொய்யின்னு சொல்லுங்க" என்றேன். அவன் செருப்பைத் தேடினான். அம்மா அதை எடுத்துத் தெருவில் வீசினாள்.

பாய் மீதிக் குதிரைகளைத் தனித்தனியாகக் கட்டி, இரண்டு வேளையும் காய்ச்சல் பார்க்கிறார். புதிதாக எதுவும் விழவில்லை. அந்தப் புதுக் குதிரைகூடத் தேறிவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு என்ன தெரியும்? அவனுக்குத் தெரியும். "போதும் தம்பி, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்கிறார் பாய். எனக்குப் போதவில்லை அக்கா.

வழக்குப் பதிவாகிவிட்டது. எத்தனை வருடம் இழுத்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பட்டறைக்கு லீவு போட்டுப் போவேன். அவன் தலை நிமிரும்போதெல்லாம் உன் ஜாடையுள்ள இந்த முகம் எதிரில் இருக்கும். உன்மேல் தப்பில்லை என்று அவன் வாயால் சொல்லும்வரை விடமாட்டேன். சொன்ன பிறகும் விடுவேனா என்று என்னிடம் கேட்காதே.

உன் கூடப் பிறந்த ஒரே தம்பி,
செந்தில்