பாட்டிலா வந்து ஏணி ஏறும்?

டொமினிக்கா
ஞாயிறு மதியம், புதுக் கூரைக்குக் கீழே

என் செல்ல மகள் லோர்னாவுக்கு,

அம்மா அன்போடு எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கூரை போட்டாயிற்றடி! நேற்று, ஒரே பகலில்! இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன புயலுக்கு அப்புறம் இங்கே போன் பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறது, மீதிப் பாதியை நீ பேசிவிடுகிறாய், நான் எப்போது சொல்லி முடிப்பது? அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறாளே என் தோழி ஆக்டேவியா, அவள் தங்கை நாளைக் காலை டொராண்டோவுக்குக் கிளம்புகிறாள். அவள் பையில் இந்தக் கடிதமும் இரண்டு பாட்டில் கொய்யா ஜாமும் வருகின்றன. கடிதத்தை அங்கே தபாலில் போடுவாள். ஜாமை வழியிலேயே வழித்துத் தின்றுவிடாமல் இருந்தால் அதுவும் உனக்கு வந்து சேரும்.

வின்னிபெக்கில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்காக நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் குடியிருப்பை நான் மறக்கவில்லை. மாதம் முடிவதற்குள் அவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்றாய். மழைக்காலம் தொடங்கியும் நீங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் நானே வந்து இரண்டு பேரையும் கட்டித் தூக்கிக்கொண்டு போவேன் என்றும் சொன்னாய். நீ சொன்னதைச் செய்கிற பெண் என்று எங்களுக்குத் தெரியாதா? உன் அப்பா அன்றைக்கெல்லாம் ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இத்தனை கூத்தும் நடந்தது. பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து போய் அலுவலக வேலை பார்க்காதே.

தகரம் ஏற்றி வந்த கப்பல் ஒருவழியாக வந்து சேர்ந்தது, ஆனால் தச்சர் யாரும் கிடைக்கவில்லை. புயலில் தீவு முழுக்கக் கூரை பறந்திருக்கும்போது தச்சனுக்கு எத்தனை கைதான் இருக்கும்? இங்கே ஒரு வழக்கம் உண்டு. கூரை போட, நிலம் கொத்த, படகைக் கரைக்கு இழுக்க என்று ஒரு வீட்டுக்குத் தேவை வந்தால் ஊரே கூலியில்லாமல் வந்து கைகொடுக்கும். வீட்டுக்காரர் சோறும் ரம்மும் கொடுத்தால் போதும். அதைக் கூட்மென் என்பார்கள். நாமும் ஒரு கூட்மென் கூப்பிடலாமே என்று நான்தான் சொன்னேன். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, அங்கே காலமெல்லாம் பாலம் கட்டி, ஓய்வு பெற்று இந்தத் தீவுக்கு வந்த மனுஷன், திட்டம் போடாமல் தும்மக்கூட மாட்டார். உட்கார்ந்து அழகாக ஒரு அறிவிப்பு எழுதினார். எத்தனை மணிக்கு வர வேண்டும், யார் கூரை மரச்சட்டம் தூக்குவது, யார் தகரம் ஏற்றுவது, தேநீர் எப்போது, கையுறை உண்டு, வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று சகலமும் அதில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஆக்டேவியாவின் கடைக் கதவில் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நேராகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. நான் அண்டா நிறையச் சமைத்து வைத்திருந்தேன். உன் அப்பா சட்டங்களை அடுக்கி, கையுறைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, தொப்பியோடு வாசலில் நின்றார். ஈ காக்கை வரவில்லை. ரோட்டில் போனவர்கள் எல்லாம் கை தூக்கி வணக்கம் சொன்னார்கள், சிரித்தார்கள், போனார்கள். உச்சி வெயில் ஏறியும் அவர் அங்கேயே நின்றார். கடைசியில் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "லோர்னா சொன்னதுதான் சரி. அந்த வின்னிபெக் வீட்டுக்குச் சரின்னு சொல்லிடலாம், மியூரியல். இவங்களுக்கு நாம வேண்டாம்," என்றார். உன்னிடம் மறைப்பதற்கென்ன, அன்றைக்கு நானும் மறுத்துப் பேசவில்லை. தார்ப்பாய் மேலே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறோம் என்றே நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆக்டேவியா வந்தாள். அண்டாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் மந்திரியே வந்தாலும் ஒதுங்கி நிற்பார். "ஏம்மா மிஸ் மியூ, நாங்க என்ன உங்க வீட்டு வேலைக்கு மனு போட்டவங்களா? கதவுல சீட்டு ஒட்டிக் கூப்பிடுறீங்க? அதுல கையுறை வேற! ஊரே படிச்சுப் படிச்சுச் சிரிச்சிச்சு," என்றாள். முறை தெரியாமல் செய்துவிட்டோம் என்றேன். அவள் விடவில்லை. "சீட்டு கெடக்கட்டும். இத்தனை வருஷமா இங்க இருக்கீங்களே, யார் வீட்டுக் கூட்மென்லயாவது உம் புருஷன் ஒரு ஆணி எடுத்துக் குடுத்திருக்காரா? ஒவ்வொரு தடவையும் ரம் பாட்டில் வந்துச்சு. ஆள் வரல. பாட்டிலா வந்து ஏணி ஏறும்?" என்று கேட்டாள். உன் அப்பா நினைத்தது வேறு. நாம் வெளியூர்க்காரர்கள், இவர்கள் காரியத்தில் போய் இடைஞ்சலாக நிற்கக்கூடாது, முழங்கால் வேறு சரியில்லை, மரியாதையாக ஒரு பாட்டில் அனுப்பினால் போதும் என்று நினைத்தார். ஊர் என்ன நினைத்தது தெரியுமா? வெள்ளைக்காரருக்கு நம்மோடு உட்கார்ந்து சாப்பிட மனசில்லை என்று நினைத்தது. இரண்டு பக்கமும் மரியாதை பார்த்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது, பார்த்தாயா! இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு ஆற்றாமை. ஆக்டேவியாவிடமே சண்டை போட்டேன், முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று. "நீ கேட்டியா?" என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அடுத்த வாரம் மேட்டுத் தெரு இக்னேஷியஸ் வீட்டில் கூட்மென். இக்னேஷியஸ் மீன் பிடிக்கிறவன், அவன் கூரையும் நம்முடையதைப் போலவே பறந்திருந்தது. உன் அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். இவரைப் பார்த்ததும் கூரைமேல் இருந்தவர்களெல்லாம் கையில் சுத்தியலோடு எட்டிப் பார்த்தார்கள். ஏணிப் பக்கம் போனவரை இக்னேஷியஸ் தோளைப் பிடித்து நிறுத்தி, "அந்த முட்டிய வச்சுக்கிட்டு மேல ஏறினீங்கன்னா நாங்க கூரையப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா? அங்க போய் உக்காருங்க," என்று பெண்கள் பக்கம் கை காட்டினான். அங்கே மூன்று கல் கூட்டிய அடுப்பில் பெரிய பானை, சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, உப்பு மீன், மலை மாதிரி பச்சை வாழைக்காய். உன் அப்பா என்னென்ன பாலங்களைத் தூக்கி நிறுத்தியவர்! அவர் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து வாழைக்காய் தோல் உரித்தார். கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளச் சொன்னோம், கேட்டால்தானே. பால் பட்டுக் கையெல்லாம் கறுப்பு, அவருடைய நல்ல வெள்ளைச் சட்டை நாசம். ஒவ்வொரு காயையும் முனை உடையாமல் திருப்பித் திருப்பி உரித்தார். ஆக்டேவியாவுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ்டர் வெர்னன், காய உரிக்கிறீங்களா, கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றீங்களா? பானை கொதிக்குது!" என்று கத்தினாள். மேலே கூரையில் இருந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜமாகவே ஒருத்தன் விழப் பார்த்தான். உன் அப்பாவும் சிரித்தார், லோர்னா. புயலுக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவரே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். இங்கே கூப்பிடுவதும் சாமானியமில்லை. போனதும் விஷயத்தைச் சொல்லிவிடக்கூடாது. உட்கார வேண்டும், கொடுத்ததைக் குடிக்க வேண்டும், ஆட்டுக்கு என்ன, பேரனுக்கு என்ன, யாருக்குக் கால் வீக்கம் என்று எல்லாம் விசாரித்துவிட்டு, எழுந்து வாசலுக்கு வரும்போது, மறந்துபோனது ஞாபகம் வந்தாற்போல, சனிக்கிழமை கூரை போடுகிறோம் என்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் குடிக்கக் கொடுத்தார்கள். எந்த வீட்டிலும் மறுக்கக்கூடாதாம். மனுஷன் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் அவர் காலணியைக் கழற்றி விட்டேன்.

நேற்று விடியலில் மேட்டிலிருந்து சங்கு ஊதினார்களடி! கூட்மென்னுக்கு அப்படித்தான் ஊதிக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் நம் வீட்டுக்காக என்று நினைத்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் ரோடு நிறைய ஜனம், அவரவர் சுத்தியல், அவரவர் ஏணி, ஒருத்தர் தலையில் சீமைப்பலா, ஒருத்தர் தோளில் ஆட்டுத்தோல் மேளம். மேளத்துக்குத் தக்கபடி சட்டம் ஏறியது, தகரம் ஏறியது. உன் அப்பா கீழே நின்று, ஒரு சட்டத்தையும் விடாமல் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கச் சொன்னார். "இப்படி இறுக்கினா அடுத்த புயல் கூரைய விட்டுட்டு வீட்டத்தான் தூக்கிட்டுப் போகும்," என்று இக்னேஷியஸ் கிண்டல் பண்ணினான், ஆனாலும் ஒன்று விடாமல் அடித்தான். நீ மழையை நினைத்துத்தானே பயந்தாய்? கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். ஒரே இரைச்சல். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பழக்க தோஷத்தில் சமையலறைக்கு ஓடி, வாளிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, கட்டில் பக்கம் ஒன்று, அலமாரிப் பக்கம் ஒன்று, கூடத்து நடுவில் ஒன்று என்று வழக்கமாக ஒழுகும் இடங்களில் வரிசையாக வைத்துவிட்டார்! மொத்த ஊரும் அவரைப் பார்த்தது. அவர் வாளியைப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. ஆக்டேவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஆகவே, என் கண்ணே, அந்தக் குடியிருப்பை விட்டுவிடு. நீ எங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் பார்த்தாய், எங்களுக்குத் தெரியாதா? லிப்ட் இருக்கிறது, குளியலறையில் கைப்பிடி இருக்கிறது, பக்கத்தில் நீ இருக்கிறாய், அந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான் என்னை அசைக்கப் பார்க்கிறது. உன்னை நினைத்து நான் ஏங்காத நாள் இல்லை. ஆனால் அங்கே வந்தால் உன் அப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். இங்கே இன்று காலை யாரோ வந்து வாழைக்காய் உரிக்கிற மிஸ்டர் வெர்னன் இருக்கிறாரா என்று கூப்பிட்டார்கள், மனுஷன் காபியைக்கூட முடிக்காமல் ஓடினார். அடுத்த புயல் வராது என்று எழுதி உன்னை ஏமாற்றமாட்டேன். வரும். வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று இப்போது தெரியும். நீ கோபப்படுவாய், கோபப்படு, அப்புறம் சாப்பிடு.

வேலை வேலை என்று காரிலேயே சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு போகாதே. உன் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு அம்மாள் இருக்கிறாள், பேர்கூடத் தெரியாது என்றாயே, ஜாமில் ஒரு பாட்டில் அவளுக்குக் கொடு. கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடி வராதே. உள்ளே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வா. இன்னொன்று, அதற்குக் கோபிக்கக்கூடாது. மழை ஓய்ந்ததும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆக்டேவியா கடைக்குப் பின்கட்டு கட்டுகிறாள், அதுவும் கூட்மென்தான். நம் வீட்டுக் கூரைக்கு எல்லா வீட்டிலிருந்தும் கை வந்ததால் நாமும் குடும்பத்தோடு போக வேண்டும். "உம் பொண்ணு வருவாளா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன் பேரைச் சொல்லியாயிற்று, ஊருக்கே தெரியும்.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் காப்பாற்றட்டும், உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். வரும்போது மறக்காமல் ஒரு பழைய சட்டை எடுத்து வா. வாழைக்காய்ப் பால் எந்தச் சோப்புக்கும் போகாது.

முத்தங்களோடு,
உன் அம்மா மியூரியல்

லோர்னா, உன் அம்மா கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாள். வாளிகளையெல்லாம் ஆக்டேவியாவின் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டேன். அப்பா.