எட்டாம் நம்பர் வீட்டு ரேடியோ

டிசம்பர் 4

நான் அட்டையைக் கிழிக்கவில்லை. மேனேஜர் முகத்தில் வீசி எறியவும் இல்லை. போன குளிர்காலத்தில் நடந்ததை, இந்த முறை நான் வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான்: அட்டையை ஓர் உறையில் போட்டேன். இது எனக்குத் தேவையில்லை என்று நான்கு வரி எழுதி இணைத்தேன். ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். கிழிக்கிறவள் கையெழுத்து வாங்குவாளா?

இந்த முதியோர் குடியிருப்பில் ஒவ்வொரு வாசற்கதவிலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. படுக்கப் போகும்போது சிவப்பு. எழுந்ததும் பச்சை. காலை ஏழரைக்கு வார்டன் சுற்றி வருவார். எந்தக் கதவில் சிவப்பு இருக்கிறதோ அதைத் தட்டுவார், பதில் இல்லையென்றால் தன் சாவியால் திறந்து உள்ளே போவார். அதாவது, நான் இன்னும் சாகவில்லை என்று தினமும் வாசலில் விளம்பரம் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது.

போன வருடக் கூட்டத்தில், "ஒருநாள் விடியறதுக்குள்ள எல்லா அட்டையையும் நானே பச்சையா திருப்பி வைக்கிறேன். அப்ப தெரியும் உங்க ஏற்பாட்டோட லட்சணம்" என்று சொன்னேன். அதைச் சொன்னேன்தான். மறுக்கவில்லை.

வருடம் முழுவதும் இங்கேயே இருப்பவர்கள், என்னைப் போல் நான்கு மாதம் வந்து போகிறவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'சீசன் டிக்கெட்'. மகன் ஊரின் குளிர் என் நெஞ்சுக்கு ஆகாது என்றுதான் என் கணவர் இந்த ஏழாம் நம்பரை வாங்கினார். இரண்டு பேருமாக வந்தது ஒரே ஒரு குளிர்காலம். அதன் பிறகு ஆறு குளிர்காலம் நான் மட்டும்.

டிசம்பர் 9

எட்டாம் நம்பர் சர்வேயர் தொடங்கிவிட்டார். காலை ஆறுக்கு ரேடியோ. எட்டு வரை. அவர் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் ஒரே சுவர். செய்தி, சந்தை நிலவரம், வானிலை எல்லாம் என் காபிக்குள் விழுகின்றன.

போய்ச் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கிறார். "உங்களுக்குக் காது இன்னும் நல்லா கேக்குதேன்னு சந்தோஷப்படுங்க மேடம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

என் காதுக்கு இவர் சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

திரும்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "உங்க ரோஜாத் தொட்டி ஒம்பது அங்குலம் என் எல்லைக்குள்ள நிக்குது. போன சீசன்லேர்ந்து சும்மா விட்டிருந்தேன்." டேப்பைப் பிடித்து அளந்தே காட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது, டேப்பை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஒன்பதரை அங்குலம். அரை அங்குலம் எனக்குத் தள்ளுபடியாம்.

தொட்டியை நகர்த்திவிட்டேன். பேச்சை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 21

ரேடியோ. இன்றும்.

டிசம்பர் 28

இந்த வரிசையில் என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான், பன்னிரண்டாம் நம்பர் போஸ்டம்மா. நாற்பது வருடம் வீடுவீடாகக் கடிதம் கொடுத்தவள். ஐந்தரைக்கே கம்பளிக் குல்லாயும் டார்ச்சுமாகக் கிளம்பிவிடுகிறாள். "காலு சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. வீட்ட பாத்தா வாசல் வரைக்கும் போயிட்டு வரணும்னு இருக்கு." சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நிற்கிறாள். என் வாசலை மட்டும் தாண்டிப் போகிறாள். பழக்கதோஷம்.

ஜனவரி 9

இன்று எட்டு மணிக்கு ரேடியோ நிற்கவில்லை. ஒன்பதுக்கும் நிற்கவில்லை. பதினொன்றுக்கு ஏதோ நாடகம், யாரோ ஒருத்தி ஓயாமல் அழுகிறாள். வேண்டுமென்றே செய்கிறார். ரோஜாத் தொட்டிக்குப் பழிவாங்கல்!

கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். நிறுத்து என்று அர்த்தம். யாருக்கும் புரியும். என்ன செய்தார் தெரியுமா? திருப்பித் தட்டுகிறார். மூன்று முறை. நான் இரண்டு தட்டினால் அவர் மூன்று. மறுபடி தட்டினேன். மறுபடி மூன்று. எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு திமிரா!

எழுத்துமூலமாகப் புகார் எழுதி, நான்கு மணிக்கு ஆபீஸில் கொடுத்தேன். 'காலை ஆறு மணி முதல் இடைவிடாமல்' என்பதை அடிக்கோடிட்டிருந்தேன். கிளார்க் பெண் எழுந்திருக்கக்கூட இல்லை. "எட்டாம் நம்பர் அட்டை பச்சையாத்தான் இருக்குன்னு வார்டன் எழுதியிருக்காரு மேடம். ஏதோ குஷியா இருக்காரு போல."

ஜனவரி 10, காலை

இரவு முழுவதும். காதில் பஞ்சு வைத்தும் தூக்கமில்லை. விடிந்ததும் மறுபடி சுவரைத் தட்டினேன். இந்த முறை பதில் இல்லை. திருப்பித் தட்டுவதையாவது விட்டாரே.

ஜனவரி 10, மாலை

துணி எடுக்க வந்த சலவைக்காரர் மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சர்வேயர் சமையலறைத் தரையில் கிடக்கிறார். நேற்றுக் காலை ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது விழுந்தாராம். இடுப்பெலும்பு. முப்பத்துமூன்று மணி நேரம்.

உயிர் இருக்கிறது. ஆம்புலன்ஸ் போய்விட்டது.

வார்டன்தான் ரேடியோவை நிறுத்தினார்.

ஜனவரி 12

மேனேஜரும், கமிட்டித் தலைவரான பல் டாக்டரும் வந்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

சர்வேயர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்: அன்று காலை அட்டையை அவர் திருப்பவில்லை. ரேடியோவைப் போட்ட பிறகுதான் எப்போதும் திருப்புவாராம், அதற்குள் விழுந்துவிட்டார். ஆனால் ஏழரைக்கு வார்டன் பார்த்தபோது பச்சை. சிவப்பாக இருந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்திலேயே கதவைத் திறந்திருப்பார்கள். சாயங்காலம் அதைச் சிவப்பாக்க ஆள் இல்லாததால் மறுநாளும் பச்சை. அப்படியென்றால் திருப்பியது யார்?

"போன வருஷம் மீட்டிங்ல நீங்க ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார் பல் டாக்டர்.

"நான் சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நான் திருப்பலை."

"யாரும் உங்கள குத்தம் சொல்லலம்மா" என்று மேனேஜர் இழுத்தார். "விளையாட்டா செஞ்சிருந்தா கூட…"

விளையாட்டாக! என்னைப் பார்த்தால் விளையாடுகிறவள் மாதிரியா இருக்கிறது? அடுத்த சீசனுக்கு என்னை அனுமதிப்பது பற்றிப் பதினெட்டாம் தேதிக் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். என் வீட்டுக்கு நான் வர இவர்கள் அனுமதி!

ஜனவரி 13

மகன் போன் செய்தான். அவனுக்கும் செய்தி போயிருக்கிறது. "ஒரு சாரி சொல்லிட்டு விட்டுடுங்கம்மா. எதுக்கு வம்பு?"

"செய்யாததுக்கா?"

"எப்பவும் நீங்கதான்மா சரி" என்றான். வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

ஒன்பதாம் நம்பர் பாட்டு டீச்சரிடம் கேட்டேன். "நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"எட்டரை ஆயிடும். மாத்திரை சாப்பிடறேனே."

"ஏழரைக்கு உங்க அட்டை எப்படிப் பச்சையா இருக்கு?"

புடவைத் தலைப்பைச் சுருட்டினார், பிரித்தார். பிறகு சொன்னார். "போஸ்டம்மா வாக்கிங் முடிஞ்சு ஆறரைக்குத் திரும்பும்போது, இன்னும் சிவப்பா இருக்கறத திருப்பிடுவா. தூங்கறவங்கள வார்டன் எழுப்பக் கூடாதுன்னுதான். பாவம், நல்ல மனசு. நீங்க வெளிய சொல்லிடாதீங்க."

வரிசையில் எல்லோருடையதையுமாம். இரண்டு வருடமாகவாம். ஆறாம் நம்பருக்குத் தெரியும். பத்துக்குத் தெரியும். பதினொன்றுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்! நான் பழி சுமந்து கொண்டு அந்த நடைபாதையில் நடந்தபோது அத்தனை பேரும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். சீசன் டிக்கெட்தானே, மார்ச்சில் போய்விடுவாள், அவள் தலையில் கட்டினால் யாருக்கு நஷ்டம்?

ஜனவரி 15

நான்கு பக்கம் எழுதி முடித்தேன். ஐந்து வீடு, ஐந்து பெயர். போஸ்டம்மாவுக்குத் தனிப் பத்தி. பதினெட்டாம் தேதி எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். ஒருத்தரும் தப்ப முடியாது. நல்ல கடிதம். எழுதி முடித்ததும் பசித்தது.

ஜனவரி 16

சர்வேயரின் மகள் அப்பாவின் துணிமணி எடுக்க வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். என் கதவைத் தட்டினாள். அட்டையைப் பற்றிச் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து, நான் முந்திக்கொண்டேன். "நான் திருப்பலைம்மா. யார் திருப்பினாங்கன்னு நாளன்னிக்கு எல்லாருக்கும் தெரியும்."

"நான் அதுக்கு வரல ஆன்ட்டி. நீங்கதானே செவுத்த தட்டினது?"

ஆமாம் என்றேன்.

"அப்பா சொன்னாரு. கத்திக் கத்திக் குரல் போயிடுச்சாம். ரேடியோ சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அப்பதான் நீங்க தட்டினீங்களாம். பக்கத்துல ஒரு டம்ளர் உருண்டு கிடந்திருக்கு. அத வச்சு மூணு தடவ தட்டினாராம். நீங்க மறுபடி தட்டினீங்க, அவரும் தட்டினாரு. 'மேடத்துக்குத் தெரிஞ்சு போச்சு, ஆள கூட்டிட்டு வராங்க'ன்னு நெனச்சுட்டாராம். அந்த நம்பிக்கையிலதான் ராத்திரிய ஓட்டினேன்னு சொன்னாரு." அவள் குரல் உயரவே இல்லை. "ஏன் ஆன்ட்டி யாரையும் கூட்டிட்டு வரல?"

அவள் போன பிறகு, ஆபீஸில் கொடுத்த புகாரின் நகலைத் தேடி எடுத்தேன்.

ஜனவரி 17

ஒன்பதாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். 'எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு திமிரா.' கையெழுத்து அழகாக இருக்கிறது.

ஜனவரி 18

நான் படித்த கான்வென்ட்டில் ஒரு விதி இருந்தது. தப்புச் செய்தவள் எழுந்து நிற்க வேண்டும். செய்ததை முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'ஆனால்' என்ற வார்த்தை வரக்கூடாது. ஒன்பது வயதில் ஒரு தடவை நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு இன்றுதான்.

நான்கு பக்கக் கடிதம் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. ஆபீஸில் கொடுத்த புகாரின் நகலை எடுத்தேன். தேதி, நேரம், அடிக்கோடு எல்லாவற்றோடும் வாசித்தேன். பிறகு சொன்னேன். "அட்டையை நான் திருப்பவில்லை. அன்றைக்கு நான் இரண்டு முறை சுவரைத் தட்டினேன், இரண்டு முறையும் அவர் பதிலுக்குத் தட்டினார். பத்தடி நடந்து போய் அவர் கதவைத் தட்டுவதற்குப் பதிலாக நான் இந்தப் புகாரை எழுதினேன்."

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. போஸ்டம்மா. "அட்டைய திருப்பினது நான்தாங்க. அக்கா மேல பழி விழுந்தப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவள் அழுதாள். உடனே ஐந்து பேர் சுற்றி நின்று தேற்றினார்கள், ஒருத்தர் தண்ணீர் கொண்டு வந்தார். பாட்டு டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தார். 'உங்களைத் தப்பாக நினைத்துவிட்டோம்' என்று என்னிடம் சொல்ல ஓர் ஆளில்லை! மேனேஜர் மட்டும் வந்து, "அடுத்த சீசனுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா" என்றார். பெரிய உபகாரம்.

எரிச்சல் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால் பட்டியலில் முதல் பெயர் இப்போது வேறு.

ஜனவரி 22

போஸ்டம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமாக்கா?" வரச் சொன்னேன். திட்டினேன். நன்றாகத் திட்டினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு காபி குடித்தாள்.

ஜனவரி 27

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்ததாம். மகள் அவரை இங்கே திரும்ப விடப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஏதோ விடுதி. அறைக்கு ஆறு கட்டில், இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ். "அங்கயாவது கூப்பிட்டா யாராவது வருவாங்க" என்றாளாம். எட்டாம் நம்பரைப் பிப்ரவரிக் கடைசியில் காலி செய்கிறார்களாம்.

ஆறு கட்டில். அவர் டேப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கட்டில் எல்லை அளப்பார். அதற்கும் நானே காரணம்.

காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சுவர் சும்மா இருக்கிறது.

பிப்ரவரி 2

மார்ச் மாத ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். மகன், "வெயில் காலத்துல அங்க தாங்க மாட்டீங்கம்மா" என்றான். வேகப்போவது என் உடம்பு, உன்னுடையது அல்ல என்றேன். சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

கீழே உள்ள கடிதத்தை இன்று போஸ்டம்மா கையில் கொடுத்தனுப்பினேன். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே போய் நேரில் கொடுப்பேன் என்றாள். 'உறையைப் பிரிக்கக் கூடாது, யாருக்காகவும் எதையும் திருப்பி வைக்கக் கூடாது' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நகல்:

எட்டாம் எண் சர்வேயர் அவர்களுக்கு,

ஜனவரி 9 அன்று நீங்கள் தட்டியது எனக்குக் கேட்டது. அதை நான் உதவிக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். அது என் தவறு.

நான் இனி வருடம் முழுவதும் ஏழாம் எண்ணில் இருப்பேன். நீங்கள் எட்டாம் எண்ணுக்குத் திரும்பினால், தினமும் காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சுவரில் இரண்டு முறை தட்டுவேன். நலமாக இருந்தால் நீங்கள் மூன்று முறை தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த நிமிடம் உங்கள் கதவில் நிற்பேன். இதற்காக உங்கள் சாவி ஒன்று என்னிடமும், என் சாவி ஒன்று உங்களிடமும் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் மகளுக்கும் காட்டவும்.

ரேடியோ காலை ஆறு முதல் எட்டு வரை இருக்கலாம். எட்டைத் தாண்டினால் வந்து பார்ப்பேன். ரோஜாத் தொட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் வந்து அளந்து சொல்லவும்.

சம்மதமா, இல்லையா என்பதை மாத முடிவுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.