மைனி, உங்கள் வியாழக்கிழமைகள்

என் அன்பு மைனிக்கு,

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன. உடம்பும் மனசும் அசந்துபோன நேரத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பசுவை விற்றுவிட்டோம். கறக்க உட்கார்ந்தால் என்னால் எழும்ப முடியவில்லை, அண்ணன் பக்கத்தில் போனால் அது உதைக்கிறது. மேலே உள்ள விளையில் மரச்சீனிக் கிழங்கைக் காட்டுப்பன்றி பாதிக்குமேல் தோண்டிப் போட்டுவிட்டது. மழை விடாததால் ரப்பரில் பால்வெட்டும் இல்லை. காற்றில் சாய்ந்த செந்துளுவன் வாழைகளுக்கு அண்ணன் முட்டுக்கொடுத்துப் பார்த்தார், பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

உங்கள் மகன் ஜெபின் மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறான். "மாமி, அப்பா நேரத்துக்கு சாப்பிடுதாரா?" என்று என்னிடம்தான் கேட்கிறான். சாப்பிடுகிறார் என்று சொல்கிறேன். போனை அண்ணன் பக்கம் திருப்பினால் அவர் மகனைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பெயரை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் இறந்துபோனீர்கள் என்ற வார்த்தையும் இதுவரை அவர் வாயில் வந்ததில்லை. யாராவது துக்கம் கேட்டு வந்தால் விளைக்குப் போய்விடுவார்.

அடக்கத்தன்று ஜங்ஷனில் வைத்த பிளெக்ஸில் உங்கள் படத்துக்குக் கீழே 'சமூக சேவகி' என்று போட்டிருந்தார்கள். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். "நான் என்னத்த சேவிச்சேன், கஞ்சிதானே கொண்டு போனேன்" என்றிருப்பீர்கள்.

உங்கள் காலை எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் இருந்த எனக்குத்தான் தெரியும். விடியுமுன் முழங்காலில் நிற்பீர்கள். அந்த ஜெபத்தில் சபை மக்கள் எல்லாரும் வருவார்கள், அடுத்த விளையில் அய்யாவழிக்காரச் செல்லம்மை வருவாள், அவள் மகனின் வேலை வரும், கடைசியில் மாடும் வரும். நான் போட்டுவைத்த காப்பி ஆறிப்போகும். பிறகு புல்லறுப்பு, ரப்பர் ஷீட் அடிப்பது, வாழைக்கு வெள்ளம் பாய்ச்சுவது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாகக் கலயத்தில் போடுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகிற பிடியரிசி. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி சிறுத்ததில்லை.

வீட்டுக்காரர் இறந்து, பிள்ளையும் இல்லாமல் நான் பிறந்த இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொல்லாங்கொட்டை எண்ணெய் பட்டுக் கை கறுத்துத் தோல் உரிந்திருக்கும். பந்தியில் பக்கத்தில் உட்காரச் சிலர் யோசித்தார்கள். நீங்கள் அந்தக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள். "இது உனக்க வீடு. நான்தான் வந்து கேறினவ" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவது எப்படித் தொடங்கியது என்று ஒரு நாள் ரப்பர் ஷீட்டை வெயிலில் உணக்கப் போடும்போது சொன்னீர்கள். கல்யாணமான புதிதில் உங்களுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து நெய்யூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். அப்போது நமக்கு வயல் இருந்தது, கன்னிப்பூ நெல் அறுப்பு நேரம். வீட்டிலிருந்து யாரும் துணைக்கு இருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த யாரோ ஒரு பெண் உங்களைத் துடைத்துவிட்டு, தலையில் எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிவிட்டாள். அவள் பேரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

"பிள்ள போனதுக்கு எனக்கு அழுக வரல்ல லில்லி. அவ தலைய தொட்டப்பதான் வந்தது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஜெபின் பிறந்து, வளர்ந்து, படித்து, வெளிநாடு போகும்வரைக்கும் வியாழக்கிழமை தவறவில்லை. வயர் கூடையில் தூக்குவாளி நிறையக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி, ஒரு சீப்பு, தேங்காயெண்ணெய். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி நெய்யூருக்கு. ஆளில்லாமல் கிடக்கிற பெண்களின் கட்டிலாகப் பார்த்துப் போவீர்கள். "ஜெபம் செய்யட்டா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாது. "அப்ப தலைய சீவித்தாறேன், திரும்பி இரி மக்கா" என்பீர்கள்.

அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. "வீட்டுல வேல கெடக்கு, இவ ஊராருக்கு கஞ்சி சுமக்கா" என்று முற்றத்தில் நின்று சத்தமாகச் சொல்வார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவீர்கள். புல் அறுத்துப் போட்டாச்சு, சோறு வடித்தாச்சு, குறை சொல்ல அவருக்கு ஒன்றும் மிச்சம் வைத்ததில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கோபம் என்று நான் நினைப்பதுண்டு.

பிறகு உங்களுக்கே நோய் வந்தது. நீங்கள் கஞ்சி கொண்டுபோன அதே வார்டில் கட்டில் கிடைத்தது. ஊசி, மருந்து எல்லாம் முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து நீங்கள் அவள் கையைத் தடவிக்கொடுத்தீர்கள். எனக்கு அதைக் கண்டு எரிச்சல்தான் வந்தது மைனி. இந்த நேரத்திலாவது உங்களை மற்றவர்கள் தேற்றக் கூடாதா?

வீட்டுக்கு வந்த முதல் வியாழக்கிழமையே தொடங்கிவிட்டீர்கள்.

"லில்லி, இண்ணைக்கு வியாழன் இல்லியா?"

"ஆமா மைனி."

"பின்ன ஏன் இஞ்ச இரிக்க? பஸ்சு போயிரும்."

"உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன்."

"எனக்குதான் ஆளு உண்டே. நீ உண்டு, அவரு உண்டு. ஆளில்லாதவளுவ அங்க கெடக்காளுவ. போயிட்டு வா மக்கா."

நான் போனேன். விருப்பத்தோடு போகவில்லை, நீங்கள் கண்ணை மூடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால் போனேன். திரும்பி வந்ததும் யார் யார் இருந்தார்கள், கஞ்சி குடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். உங்களுக்கு அப்போது ஒரு வாய் வெள்ளம்கூட இறங்காது.

அந்தக் கடைசி வியாழக்கிழமை விடியும்போதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் போக மாட்டேன் என்று உங்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "ஏட்டி, சொன்னா கேளு" என்றீர்கள். அவ்வளவுதான் பேச முடிந்தது. நான் எழும்பிப் போனேன்.

வார்டில் சகாயம் என்று ஒருத்தி, கடற்கரைக்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், பிள்ளைகள் சின்னது. அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "லில்லி, வா" என்றார் அண்ணன். பாதி சீவின தலையோடு அவளை விட்டுவிட்டு ஓடிவந்தேன். மார்த்தாண்டத்தில் பஸ் நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது செல்லம்மை உங்களைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி வைத்திருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே, எங்களுக்கு அன்றைக்குச் சோறு வந்ததும் அவள் வீட்டிலிருந்துதான்.

எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். உங்கள் பக்கத்தில் நான் உட்காரவில்லை. உட்கார விடாமல் நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று அண்ணனிடம் பல தடவை கேட்டேன். வெகு நாள் கழித்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "லில்லி பஸ்சு ஏறியாச்சான்னு கேட்டா. ஏறியாச்சுன்னேன். பிறவு கண்ண மூடினா. உறங்குதான்னு நெனச்சேன்."

தெரிந்துதான் என்னை அனுப்பினீர்களா மைனி? நான் பார்த்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? இல்லை, கஞ்சி ஆறிவிடும் என்பதைத் தவிர உங்களுக்கு வேறு கவலையே இல்லையா? இந்த விஷயத்தில் நான் இன்னும் உங்களோடு சமாதானமாகவில்லை.

அதற்குப் பிறகு நான் நெய்யூருக்குப் போகவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்து, "லில்லியக்கா, இனி நீங்கதான் அத ஏத்து நடத்தணும். அவங்க ஆத்துமா சந்தோஷப்படும்" என்றாள். "எனக்கு ஆவாது" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். குடும்ப ஜெபமும் நின்றுபோனது. சாயங்காலம் நானும் அண்ணனும் பாயை விரித்து உட்காருவோம். யார் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிவிடுவோம்.

போன மாசம் ஒரு மத்தியானம் முக்காடு போட்ட ஒருத்தி ஓலைப்பெட்டியில் மீனோடு வாசலில் வந்து நின்றாள். எனக்கு ஆள் தெரியவில்லை.

"எக்கா, நான் சகாயம். அண்ணைக்கு போன் வந்து ஓடினியளே."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். முக்காட்டை எடுத்தாள். மருந்தில் கொட்டிப்போன முடி மறுபடி முளைத்து இப்போதுதான் காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. சுகமாகிவிட்டதாம், சோதனைக்கு மட்டும் வரச்சொல்லியிருக்கிறார்களாம். இந்த ஊர்ப் பேரை மட்டும் நினைவில் வைத்து, கோயில் பக்கத்தில் விசாரித்து வந்திருக்கிறாள். நீங்கள் போன விவரம் அவளுக்கு வார்டிலேயே நர்ஸ் சொல்லித் தெரிந்திருக்கிறது.

"அதுக்குப் பிறவும் ரெண்டு மாசம் அங்க கெடந்தேன். வியாழக்கிழம வந்தா எல்லாவளும் வாசல பாப்பாளுவ. ஆரும் வரல்ல" என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். காப்பி குடித்துவிட்டு, உங்கள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் நான் கஞ்சி வைத்தேன். ஆவியானவர் ஏவினார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வார்டில் ஒருத்தி கஞ்சியில் உப்பில்லை என்றாள். இன்னொருத்தி என்னைத் தொடவே விடவில்லை. திரும்பி வந்து முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். நீங்கள் எப்படி மைனி இதிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தீர்கள்?

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார்.

"எங்க அண்ணே, கல்யாணமா?"

"ஆம்பளையளுக்க வார்டுக்கு ஆராவது போறதுண்டா?"

"இல்ல."

"அந்த வாளிய இஞ்ச தா. உனக்கு கனக்கும்."

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆண்கள் வார்டு வாசலில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு தம்ளரில் கஞ்சியை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நான் பெண்கள் பக்கம் போனேன்.

வேலை முடித்துக் கூப்பிடப் போனபோது, ஓரத்துக் கட்டிலில் ஒரு வயதானவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குலசேகரம் பக்கத்து ஆள், தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவராம். இரண்டு பேரும் காட்டுப்பன்றியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தம்ளர் காலியாகியிருந்தது. நான் உள்ளே போகாமல் வாசலில் நின்றேன்.

"எனக்க வீட்டுக்காரிதான் எல்லா வியாழக்கிழமையும் இஞ்ச வருவா. நான் ஏசுவேன்" என்றார் அண்ணன்.

"இப்ப அவிய எங்க?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

அண்ணன் தம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அவ செத்துப் போயிட்டா" என்றார். "அதான் நான் வந்தேன்."

பெரியவர் கையை நீட்டி அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நோயாளி அவர், தேற்றினதும் அவர். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது அண்ணன் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து உறங்கினார். நம் ஸ்டாப் வரும்வரை நான் அசையவில்லை.

மைனி, உங்களைப்போல முழங்காலில் நிற்க எனக்கு முட்டு இல்லை, அந்த விசுவாசமும் இல்லை. முகம் சுளிக்காமல் செய்வேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நடமாட முடிகிற வரைக்கும் போவேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவேன், வழியில் ஏதாவது தின்னவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். அனுப்பிவிட்டீர்கள் என்ற கோபம் மட்டும் இருக்கும். அதை நேரில் பார்க்கும்போது பேசித் தீர்த்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டிலேயே இருக்கிற,
உங்கள் நாத்தூன் லில்லி