வேப்பமரத்தடி மக்காச்சோளம்

சித்ரகலாவுக்கு,

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வேலை பழகிவிட்டதா? அக்கா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த வருஷம் நீ கேட்ட நாட்டுச் சோளத்தையே விதைத்துவிட்டேன். மக்காச்சோளம் மாதிரி படைப்புழுவுக்கு வாரம் தவறாமல் மருந்தடிக்க வேண்டியதில்லை.

போன வருஷம், "வயித்துல ஆறு மாசமுங்க, மருந்து வாடை தாங்கலீங்க" என்றாய். நான்தான், "இன்னும் நாலு டேங்க்தான் கண்ணு, தண்ணி மட்டும் எடுத்துக் குடு" என்றேன்.

அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குழந்தையைப் புதைத்த வேப்பமரத்தடியை மட்டும் உழவில்லை. போன வருஷம் சிந்திய மக்காச்சோளம் ஒன்று அங்கே தானாக முளைத்திருக்கிறது. குருத்துக்குள் படைப்புழு இருக்கிறது. பிடுங்கிவிடட்டுமா, விட்டுவிடட்டுமா? நீயே சொல். அதுவரை தினமும் புழுவைக் கையாலேயே எடுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் பேச்சைக் கேட்காதவன்