கம்பளியில் ஒட்டிய தூசு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவுக்கும் என் தோழியின் அம்மாவுக்கும்.

இனி உன்னோடு மட்டும் பேசுகிறேன்.

உன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குசினியில் அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டேன். குப்பி விளக்கின் புகையையும் மீறி உன் வாசனை வருகிறது, சலித்த தேயிலைத் தூசின் வாசனை. உன் உடைமைகளையெல்லாம் கொளுத்தினார்கள். இதை மட்டும் விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அன்று விடியுமுன் நீதான் எங்கள் தகரக் கதவைச் சுரண்டினாய். "ஏய் புள்ள, வா. மேகம் இல்லடி." வால்வெள்ளியைப் பார்க்கக் கூடாதென்று லயமே ஜன்னலில் சாக்கு கட்டியிருந்த நேரம். நாம் இருவரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே ஏறி நின்றோம். நான் நடுங்கினேன். நீ கம்பளியைக் கழற்றி எனக்குப் போர்த்தினாய். சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. மலைக்கு மேலே அந்த வால், யாரோ மாவைக் கையால் இழுத்துவிட்டதுபோல் வெள்ளையாக நின்றது.

"தூரத்துல இருக்கறப்பவும் வால் இருக்குமாடி?" என்று கேட்டாய்.

வகுப்பில் சொன்னதைச் சொன்னேன். "இருக்காது. அது தூசும் ஐஸும் சேர்ந்த அழுக்குக் கட்டி. சூரியன்கிட்ட வந்தா ஐஸ் ஆவியாகும். அதோட தூசும் கெளம்பிரும். வெயில் அந்தத் தூசைப் பின்னால தள்ளும். அதான் வால்."

"அப்ப எங்க தேயிலை ஸ்டோரு மாதிரிதான். அடுப்பு எரியாத வரைக்கும் ஒண்ணும் இல்ல. காஞ்ச எலையச் சலிக்க ஆரம்பிச்சா ஆள் மொகம் தெரியாது." சிரித்தாய். சிரிப்பு இருமலானது. குளிரில் உன் வாயிலிருந்து ஆவி நீளமாகப் போயிற்று. "பாருடி, எனக்கும் வால் மொளைக்குது."

பிறகு கேட்டாய்: "திரும்பிப் போறப்ப கொறைஞ்சுதானே போகும்?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைஞ்சிரும்."

நீ மறுபடி இருமினாய். பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டோரின் தேயிலை சலிக்கும் அறைக்கு வேலைக்குப் போனதிலிருந்து நீ இருமிக்கொண்டேதான் இருந்தாய். வால்வெள்ளி வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே. அதை இப்போது யாரும் நினைப்பதில்லை.

உன்னைப் பாடையில் தூக்கிப் போனபோது உன் அம்மா வாசலில் விழுந்து அழுதாள். "பாக்காத பாக்காதன்னு சொன்னேனே. வால்வெள்ளித் தூசு எம்புள்ள மேல விழுந்திருச்சே. கூட நின்னவ எவளோ." நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மாலை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். ஸ்டோரில் உன் இடம் காலியாம், என்னை அனுப்பச் சொன்னார்.

"அது படிக்கிற புள்ளைங்க," என்றாள் அம்மா.

அப்பா அவளை அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "படிப்பு எங்க போகுது? இருட்டுலயே எந்திரிச்சு ரோட்டுல நடந்து போகுது. மேல அது நிக்குது. ஸ்டோருக்குள்ள கூரைக்கு அடியில இருந்தா எம்புள்ள மேல அந்தத் தூசு படாது."

என்மேல் உள்ள அன்பினால்தான் என்னை அங்கே அனுப்புகிறார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தில் அனுப்பினால் அழுதாவது பார்க்கலாம். வானத்துத் தூசு இத்தனை தூரம் வந்து ஒருத்தியைத் தேடிப் பிடிக்காது என்று எப்படிச் சொல்வேன்? உன் நெஞ்சுக்குள் போனது எந்தத் தூசு என்று காட்ட இந்தக் கம்பளியை எடுத்தால், "இது உன்கிட்ட எப்புடி வந்துச்சு?" என்று அப்பா என்னைக் கேட்பார். கூட நின்றவள் நான்தான் என்று தெரிந்துவிடும். உன் அம்மா என் முகத்தில் இனி விழிக்கமாட்டாள்.

காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்குமுன் அப்பா எழுந்துவிடுவார். இன்று என்னையும் கூட்டிப் போய்ப் பெயர் பதிவார்.

சற்றுமுன் கம்பளியை விளக்குக்கு முன்னால் உதறிப் பார்த்தேன். பழுப்பாகக் கிளம்பியது. வெகுநேரம் கீழே இறங்கவில்லை. எனக்கே இருமல் வந்தது.

அப்பாவுக்கு முன்னால் இதையே செய்யப் போகிறேன். வேறு பேச்சு எனக்கு வராது. நீ எனக்கு விட்டுப்போனது இது ஒன்றுதான். இதை மறுபடி விறகுக்கு அடியில் வைக்க மாட்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நீ சுரண்டுவதுபோல் இல்லை. அப்பாதான்.

கம்பளி என் தோளில்தான் இருக்கிறது.